பாடகியின் குரல் மட்டும் கேட்கவில்லை: எம்பி3 பிளேயரை ஹோம் தியேட்டருடன் இணைப்பதில் சிக்கல்

மாலைத்தென்றல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உள்ளங்கையில் அடங்கும் பழைய எம்பி3 பிளேயர் ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அதில் ஏறத்தாழ 2,000 பாடல்கள் இருக்கின்றன. இதுவரை அவற்றை ஹெட்போனில் மட்டுமே கேட்டுவந்தேன். வீட்டில் 5.1 ஹோம் தியேட்டர் இருக்கும்போது அதில் ஏன் கேட்கக் கூடாது என்று தோன்றியதால், சென்ற வாரம் இரண்டையும் இணைத்துப் பார்த்தேன். இணைப்பு வேலை செய்கிறது என்றும் சொல்ல முடியவில்லை, செய்யவில்லை என்றும் சொல்ல முடியவில்லை.

ஹோம் தியேட்டரின் மையப் பெட்டியான ரிசீவரின் பின்புறத்தில் ‘ஆக்ஸ்’ என்று குறித்த இடத்தில் வெள்ளை, சிவப்பு, மஞ்சள் என மூன்று சாக்கெட்டுகள் உள்ளன. பழைய வீடியோ கேமராவுடன் வந்த கேபிள் ஒன்று மேசை இழுப்பறையில் கிடந்தது. அதன் ஒரு முனையில் ஹெட்போன் பின்னைப் போன்ற 3.5 மில்லிமீட்டர் பின்னும், மறுமுனையில் வெள்ளை, சிவப்பு, மஞ்சள் ஆர்சிஏ பின்களும் இருந்தன. சிறிய பின்னை பிளேயரின் ஹெட்போன் சாக்கெட்டிலும், வெள்ளையையும் சிவப்பையும் ரிசீவரிலும் செருகினேன். மஞ்சள் வீடியோவுக்கானது என்பதால் அதை எதிலும் செருகாமல் தொங்கவிட்டேன்.

பாட்டு வந்தது. ஆனால் பாடகியின் குரல் வரவில்லை! வயலின்கள் கேட்கின்றன, கூட்டுக்குரல்கள் கேட்கின்றன, பாடகி எங்கோ ஒரு கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதைப் போலக் குரலின் எதிரொலி மட்டும் மெலிதாகக் கேட்கிறது. நடு ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. தாழ்வொலிகளுக்கான சப்வூஃபரும் ஏறக்குறைய அப்படித்தான். அதே நேரத்தில் பின்னாலிருக்கும் இரண்டு ஸ்பீக்கர்களும் முன்னால் இருப்பவற்றைக் காட்டிலும் உரக்க ஒலிக்கின்றன.

இன்னொரு விந்தையையும் சொல்லிவிடுகிறேன். பிளேயரின் மின்கலம் தீரும் நிலையில் இருந்ததால், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே யூஎஸ்பி கேபிளால் அதைக் கணினியில் இணைத்தேன். அந்த நொடியிலேயே குரல் திரும்பி வந்துவிட்டது. கூடவே ‘ம்ம்ம்’ என்ற தாழ்ந்த இரைச்சலும் வந்தது. கணினியின் படமும் ஒலியும் எச்டிஎம்ஐ கேபிள் வழியாக இதே ரிசீவருக்குத்தான் வருகின்றன என்பதையும் குறிப்பிட வேண்டும். பிறகு சுவரில் செருகும் தனிச் சார்ஜரில் இணைத்துப் பார்த்தபோது, இரைச்சல் மட்டும் வந்தது, குரல் வரவில்லை.

ஹெட்போனில் கேட்டால் பிளேயரில் ஒரு குறையும் இல்லை. டிவிடி பிளேயரை அதே ஆக்ஸ் சாக்கெட்டுகளில் இணைத்தால் ரிசீவரிலும் ஒரு குறையும் இல்லை. கேபிளோ உறையைவிட்டு அதிகம் வெளியே வராத, புதிது போன்ற கேபிள். எதைச் சந்தேகிப்பது என்றே தெரியவில்லை.

தாளக்கட்டு எழுதியது:

உங்கள் ரிசீவரின் ரிமோட்டில் கரோக்கி, ‘வோக்கல் கட்’ போன்ற பொத்தான் ஏதேனும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாடகரின் குரலை மட்டும் நீக்கிவிட்டு இசையை விட்டுவைக்கும் வசதி அது. தவறுதலாக அழுத்தப்பட்டிருந்தால் நீங்கள் விவரிக்கும் விளைவு அப்படியே வரும்.

அது இல்லையென்றால், என் ஆலோசனை கேபிளையே கைவிட்டுவிடுவதுதான். ப்ளூடூத் ரிசீவர் ஒன்றை வாங்கி ஹோம் தியேட்டருடன் இணைத்துவிட்டால், இரைச்சல் பற்றிய கவலையே இருக்காது. நான் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

செம்புக்கம்பி எழுதியது:

மாலைத்தென்றல் அவர்களே, கேள்வியை இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. நீங்கள் சொன்ன ஐந்தாறு அறிகுறிகளும் ஒரே காரணத்தைத்தான் சுட்டுகின்றன. குறை பிளேயரிலும் இல்லை, ரிசீவரிலும் இல்லை. உங்கள் கேபிள் வழியாக கிரவுண்ட் இணைப்பு போய்ச் சேரவில்லை.

தாளக்கட்டு கரோக்கியை நினைத்தது பொருத்தமே. அந்தப் பொத்தான் செய்யும் அதே கணக்கைத்தான் உங்கள் கேபிள் தெரியாமல் செய்துகொண்டிருக்கிறது. பெரும்பாலான பாடல்களில் முதன்மைக் குரலையும், பேஸ் கிட்டாரையும், தாளத்தின் கனமான அடிகளையும் இடது வலது இரண்டு பக்கங்களிலும் சம அளவில் பதிவு செய்வார்கள். வயலின், கூட்டுக்குரல், எதிரொலி ஆகியவைதாம் இரண்டு பக்கங்களிலும் வெவ்வேறாக இருக்கும். எனவே இடது ஒலியிலிருந்து வலது ஒலியைக் கழித்தால், இரண்டிலும் பொதுவாக உள்ள குரல் அழிந்து, வேறுபடுகிற இசை மட்டும் மிஞ்சும். கரோக்கி வசதிகளின் எளிய வடிவம் இந்தக் கழித்தல்தான்.

கேபிளில் இந்தக் கழித்தல் எப்படி நடக்கிறது? பிளேயரிலிருந்து இடது ஒலிக்கு ஒரு கம்பியும், வலது ஒலிக்கு ஒரு கம்பியும் வெளியே போகின்றன. இரண்டுக்கும் திரும்பி வருவதற்கு இருப்பது ஒரே பொதுவான வழிதான், அதுவே கிரவுண்ட். அந்த வழி அறுந்துவிட்டால், இடது கம்பியில் போன மின்னோட்டம் வலது கம்பி வழியாகத்தான் திரும்பி வர முடியும். இரண்டு பக்கங்களிலும் மின்னழுத்தம் சமமாக இருக்கும்போது, அதாவது பாடகி பாடும்போது, ஓட்டம் நிகழ இடமே இல்லை. வேறுபாடு இருக்கும்போது மட்டும், அதில் பாதி இடது உள்ளீட்டிலும், அதே பாதி தலைகீழாக வலது உள்ளீட்டிலும் தோன்றும்.

அந்தத் ‘தலைகீழ்’ தான் உங்கள் பின் ஸ்பீக்கர்களின் ஆரவாரத்துக்குக் காரணம். உங்கள் ரிசீவர் டால்பி புரோ லாஜிக் போன்ற ஒரு முறையில் இருக்கிறது என்று ஊகிக்கிறேன். இரண்டு சேனல் ஒலியை ஐந்து ஸ்பீக்கர்களுக்குப் பங்கிடும் அந்த முறையின் அடிப்படை மிக எளியது. இரு பக்கமும் சமமாக வருவதை நடு ஸ்பீக்கருக்கு அனுப்பும். ஒன்றுக்கொன்று எதிராக வருவதைப் பின் ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும். உங்கள் கேபிள் வழியாக வருவது முழுவதும் ஒன்றுக்கொன்று எதிரானது என்பதால், நடு ஸ்பீக்கருக்கு எதுவும் கிடைக்கவில்லை, பின் ஸ்பீக்கர்களுக்கு விருந்து கிடைத்துவிட்டது. சப்வூஃபருக்கு இரண்டு பக்கத் தாழ்வொலிகளையும் கூட்டித்தான் அனுப்புவார்கள். நேரும் தலைகீழும் கூடினால் பூஜ்யம்.

கணினியில் இணைத்ததும் குரல் திரும்பியதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. பிளேயரின் கிரவுண்ட் யூஎஸ்பி கேபிள் வழியாகக் கணினிக்கும், அங்கிருந்து எச்டிஎம்ஐ கேபிளின் உறை வழியாக ரிசீவருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆடியோ கேபிள் மறுத்த வழியை இரண்டு கணினிக் கேபிள்கள் சுற்றுப்பாதையில் திறந்துவிட்டன. அவ்வளவு நீளமான சுற்றில் மின்கசிவுகளும் கலந்ததால் இரைச்சலும் கூடவே வந்தது. சுவர்ச் சார்ஜருக்கு ரிசீவருடன் அத்தகைய நேரடித் தொடர்பு கிடையாது. அதன் உள்ளே இருக்கும் சிறு கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் மின்சாரம் மட்டுமே வந்து சேரும். அதனால்தான் இரைச்சல் வந்தது, குரல் வரவில்லை.

இனி கேபிளின் மீது ஏன் சந்தேகம் என்று சொல்கிறேன். ஹெட்போன் பின்னைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். சாதாரண ஸ்டீரியோ பின்னில் இரண்டு கருப்பு வளையங்கள் இருக்கும். அவை உலோகத்தை மூன்று பகுதிகளாகப் பிரிக்கும். நுனி இடது, நடு வலது, அடிப்பகுதி கிரவுண்ட். வீடியோ கேமராவுடன் வரும் கேபிளில் வீடியோவுக்கும் ஒரு கம்பி வேண்டுமென்பதால் மூன்று கருப்பு வளையங்களும் நான்கு உலோகப் பகுதிகளும் இருக்கும். எந்தப் பகுதிக்கு எது என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். உங்கள் கேபிளில் நுனி இடது, அடுத்தது வலது, மூன்றாவது கிரவுண்ட், அடிப்பகுதி வீடியோ என்ற வரிசை இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. மூன்று தொடுமுனை மட்டுமே உள்ள பிளேயரின் சாக்கெட்டில் இதைச் செருகினால், பிளேயரின் கிரவுண்ட் தொடுமுனை அடிப்பகுதியைத் தொடும். அதாவது நீங்கள் எதற்கும் வேண்டாமென்று தொங்கவிட்ட மஞ்சள் கம்பியில்தான் கிரவுண்ட் இருக்கிறது.

இதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. பிளேயரை மின்கலத்தில் மட்டும் ஓடவிட்டு, ஒலியளவைக் குறைத்துக்கொண்டு, மஞ்சள் பின்னை ஆக்ஸ் வரிசையிலுள்ள மஞ்சள் சாக்கெட்டில் செருகுங்கள். வீடியோ உள்ளீடுகள் உள்ளே 75 ஓம் மின்தடை வழியாகக் கிரவுண்டுக்குப் போகின்றன. ஆடியோ உள்ளீடுகளின் மின்தடை பல ஆயிரம் ஓம் என்பதால், அதனோடு ஒப்பிட்டால் 75 ஓம் என்பது திறந்த கதவு. என் கணிப்பு சரியாக இருந்தால் பாடகி திரும்பி வருவார். மல்டிமீட்டர் கையில் இருந்தால், மஞ்சள் பின்னின் நடு ஊசிக்கும் சிறிய பின்னின் அடிப்பகுதிக்கும் இடையே தொடர்ச்சி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சோதனை முடிந்ததும் அந்தக் கேபிளை மீண்டும் இழுப்பறையிலேயே வைத்துவிடுங்கள். மஞ்சள் வழியாகக் கிரவுண்ட் கொடுப்பது குறையைக் கண்டுபிடிப்பதற்கான வழி மட்டுமே. இரண்டு கருப்பு வளையங்கள் உள்ள 3.5 மில்லிமீட்டர் பின்னிலிருந்து வெள்ளை, சிவப்பு என இரண்டு ஆர்சிஏ பின்களுக்குப் பிரியும் சாதாரண ஸ்டீரியோ கேபிள்தான் உங்களுக்குத் தேவை.

மாலைத்தென்றல் எழுதியது:

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளக்கடியில் வைத்து எண்ணினேன். மூன்று கருப்பு வளையங்கள்! இவ்வளவு நாள் அந்தக் கேபிளைக் கையில் வைத்திருந்தும், அதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று ஒரு முறைகூடத் தோன்றவில்லை.

நீங்கள் சொன்ன முறைப்படி மஞ்சளைச் செருகினேன். பாதிப் பல்லவியில் பாடகியின் குரல் நடு ஸ்பீக்கரிலிருந்து எழுந்தது. செருகியதைப் பிடுங்கினால் மறைகிறது, மீண்டும் செருகினால் வருகிறது. வீட்டில் இருந்தவர்களுக்கு ஏதோ வித்தை காட்டுவதைப் போல நாலைந்து முறை செய்து காட்டினேன். மல்டிமீட்டரும் மஞ்சளின் நடு ஊசிக்கும் பின்னின் அடிப்பகுதிக்கும் இடையே தொடர்ச்சி இருப்பதாக ஒலி எழுப்பியது. மூன்று ஆர்சிஏ பின்களின் வெளிவளையங்களும், சிறிய பின்னின் மூன்றாவது பகுதியுடன் இணைந்திருக்கின்றன. கணிப்பு எழுத்துக்கு எழுத்துச் சரி.

இப்போது இரண்டு வளையங்கள் உள்ள சரியான கேபிளைக் கொண்டு இணைத்திருக்கிறேன். குரல், பேஸ், நடு ஸ்பீக்கர், சப்வூஃபர் எல்லாம் வந்துவிட்டன. எஞ்சியிருக்கும் ஐயங்கள் இரண்டு. டிவிடி பிளேயருக்கு வைக்கும் ஒலியளவில் இதைக் கேட்டால் மிகவும் மெலிதாக இருக்கிறது. பிளேயரில் ஒலியை ஏற்ற வேண்டுமா, ரிசீவரில் ஏற்ற வேண்டுமா? மேலும், கணினியில் சார்ஜ் ஆகும்போது அந்த ‘ம்ம்ம்’ இப்போதும் கொஞ்சம் கேட்கிறது.

பழைய ரேடியோ எழுதியது:

குரல் கிடைத்துவிட்டதால், நான் அளவுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

டிவிடி பிளேயர், சிடி பிளேயர் போன்றவற்றின் பின்புற வெளியீட்டில் ஒலி உச்சத்தைத் தொடும்போது ஏறத்தாழ 2 வோல்ட் வரை வரும். அந்த வெளியீட்டின் அளவு மாறாதது. உங்கள் கையிலுள்ள பிளேயரில் இருப்பதோ ஹெட்போனுக்கான சிறிய ஆம்ப்ளிஃபயர். ஒலியை முழுமையாக ஏற்றினாலும் அது அரை வோல்ட்டிலிருந்து ஒரு வோல்ட் வரை தருவதே பெரிய காரியம். காதுகளின் பாதுகாப்புக்காக உச்ச ஒலியைக் கட்டுப்படுத்தும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் இன்னும் குறையும். ஆகவே டிவிடியைக் காட்டிலும் மெலிதாகக் கேட்பது குறையன்று, இயல்பு.

எதில் ஏற்றுவது என்ற கேள்விக்கு என் விடை: முதலில் பிளேயரில், பிறகு ரிசீவரில். பிளேயரில் ஒலியைத் தாழ்வாக வைத்துவிட்டு ரிசீவரில் ஏற்றினால், பாட்டோடு சேர்த்து பிளேயரின் ‘ஸ்ஸ்’ என்ற பின்னணி இரைச்சலையும் பெரிதாக்குகிறீர்கள். பிளேயரை முழு உச்சத்தில் வைத்தால், சில பிளேயர்களில் உரத்த இடங்கள் கரகரக்கும். உங்களிடமிருக்கும் பாடல்களில் மிக உரக்க ஒலிக்கும் ஒன்றைத் தேர்ந்து, பிளேயரை உச்சத்துக்குக் கொண்டுபோய், கரகரப்பு கேட்டால் அது மறையும் வரை ஒவ்வொரு படியாக இறக்குங்கள். மறைந்த இடத்திலிருந்து இன்னும் ஒரு படி இறக்கி அங்கேயே நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் அது முக்கால் பங்குக்கும் முழுமைக்கும் இடையில் எங்காவது அமையும். அதன்பின் ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் ரிசீவரின் ரிமோட்டில் மட்டுமே நடக்கட்டும்.

பிளேயரில் ஈக்வலைசர், ‘பேஸ் பூஸ்ட்’ போன்றவை இயங்கிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். சிறிய ஹெட்போன்களின் பலவீனத்தை ஈடுகட்டுவதற்காக வைத்தவை அவை. சப்வூஃபர் இருக்கும் இடத்தில் அவற்றுக்கு வேலையில்லை. அந்தக் கூடுதல் பேஸ்தான் பெரும்பாலும் கரகரப்புக்கும் முதல் காரணம்.

ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். ஒலி மெலிதாக இருக்கிறதே என்று சிலர் கேபிளை ரிசீவரின் ‘ஃபோனோ’ சாக்கெட்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். இசைத்தட்டு இயந்திரத்தின் ஊசியிலிருந்து வரும் சில மில்லிவோல்ட்களுக்காக அமைந்த உள்ளீடு அது. 40 டெசிபெல், அதாவது நூறு மடங்கு பெரிதாக்குவதோடு, பேஸைத் தூக்கி, உச்ச ஒலிகளைத் தாழ்த்தவும் செய்யும். அங்கே செருகினால் ஒலி உரக்க வரும், ஆனால் அதைப் பாட்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆக்ஸ், சிடி, டேப் இன் ஆகியவை அனைத்தும் நமக்கு ஏற்றவையே.

கேபிளைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் ரிசீவரின் ஒலியளவு கீழே இருக்கட்டும். 3.5 மில்லிமீட்டர் பின் உள்ளே நுழையும்போது, அதன் நுனி சாக்கெட்டின் எல்லாத் தொடுமுனைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுக்கொண்டுதான் போகும். அப்போது எழும் ‘டப்’ ஓசை ஸ்பீக்கர்களுக்கு நல்லதன்று.

கணினியில் சார்ஜ் ஆகும்போது வரும் இரைச்சலுக்கு இப்போது காரணம் வேறு. முன்பு கிரவுண்டுக்கு வழியே இல்லை. இப்போது ஆடியோ கேபிள் ஒன்று, யூஎஸ்பியும் எச்டிஎம்ஐயும் சேர்ந்த இன்னொன்று என இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒரு வளையமாகிவிடுவதால், அதில் மின்விநியோகத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் கசிவுகள் சுற்றிவருகின்றன. கிரவுண்ட் லூப் என்று சொல்வது இதைத்தான். இரண்டு ஆர்சிஏ வழிகளிலும் சிறு டிரான்ஸ்ஃபார்மர்களை வைத்து இந்த வளையத்தை அறுக்கும் ‘ஐசொலேட்டர்’ கருவிகள் கிடைக்கின்றன. ஆனால் மட்டமானவை பேஸைக் கொஞ்சம் தின்றுவிடும். நானாக இருந்தால், சார்ஜ் செய்துவிட்டுப் பாட்டுக் கேட்பேன்.

தாளக்கட்டு சொன்ன ப்ளூடூத் பற்றியும் ஒரு வரி. ரிசீவருக்கு ப்ளூடூத் பெட்டி வாங்கலாம், ஆனால் இவருடைய பழைய பிளேயரில் ப்ளூடூத் இருப்பதாகத் தெரியவில்லை. அதற்கும் ஒரு டிரான்ஸ்மிட்டர் வாங்கி ஹெட்போன் சாக்கெட்டில் மாட்ட வேண்டும். இரண்டு பெட்டிகளை வாங்கி, இரண்டுக்கும் மின்சாரம் கொடுத்து, கடைசியில் பெட்டியிலிருந்து ரிசீவருக்கு இதே 3.5 மில்லிமீட்டர் கேபிளைத்தான் இழுக்க வேண்டியிருக்கும். கைப்பேசியிலிருந்து கேட்பவர்களுக்கு ப்ளூடூத் வசதியானது. இங்கே அது சுற்றி வளைத்து மூக்கைத் தொடுவதாகிவிடும்.

தாளக்கட்டு எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். நான் கைப்பேசியை மனதில் வைத்துத்தான் எழுதினேன். ரிசீவரின் முன்புறம் யூஎஸ்பி சாக்கெட் இருந்தால், பிளேயரை அதிலேயே செருகிவிட முடியாதா? கோப்புகளை ரிசீவரே படித்துக்கொள்ளுமே.

பழைய ரேடியோ எழுதியது:

சில பிளேயர்களில் முடியும், சிலவற்றில் முடியாது. ரிசீவரின் யூஎஸ்பி சாக்கெட் பெரும்பாலும் பென் டிரைவைப் போன்ற சேமிப்புக் கருவிகளை மட்டுமே அடையாளம் காணும். அவையும் ஃபேட்32 முறையில் அமைந்திருக்க வேண்டும். பல பிளேயர்கள் கணினியோடு எம்டிபி என்ற வேறொரு முறையில் பேசுகின்றன. அவற்றைச் செருகினால் ரிசீவரின் திரையில் ‘யூஎஸ்பி இல்லை’ என்றுதான் வரும், பிளேயர் சார்ஜ் மட்டும் ஆகிக்கொண்டிருக்கும். பிளேயரின் அமைப்புகளில் ‘எம்எஸ்சி’ அல்லது ‘மாஸ் ஸ்டோரேஜ்’ என்ற தேர்வு இருந்தால் அதற்கு மாற்றிப் பார்க்கலாம். அது இல்லையென்றால், பாடல்களை ஒரு பென் டிரைவில் நகலெடுத்துச் செருகுவது எளிது. இந்த வழியில் ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் குறுக்கே வராததால் ஒலியும் தெளிவாகவே இருக்கும். ஆனால் 2,000 பாடல்களை ரிசீவரின் ஒற்றை வரித் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளித் தேடுவதற்கு மிகுந்த பொறுமை வேண்டும்.

மாலைத்தென்றல் எழுதியது:

ஈக்வலைசரில் ‘ராக்’ என்று வைத்திருந்தேன்; நிறுத்தியதும் கரகரப்பு முற்றிலும் போய்விட்டது. பிளேயரின் 30 படிகளில் 26ஆவது படியில் வைத்திருக்கிறேன். இப்போது டிவிடிக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. யூஎஸ்பியில் செருகிப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே ‘யூஎஸ்பி இல்லை’ என்று வந்தது.

எல்லாம் சரியானபின் ஒன்று மட்டும் உறுத்துகிறது. பழைய பாடல்கள் சிலவற்றில் பின் ஸ்பீக்கர்களின் அருகே போய் நின்றால், ஒலி தண்ணீருக்குள்ளிருந்து வருவதைப் போலக் குமிழியிட்டுக் கேட்கிறது. ஜால்ரா ஓசை ‘ஷ்வ ஷ்வ’ என்று அலைகிறது. முன் ஸ்பீக்கர்களில் அப்படி இல்லை, ஹெட்போனில் இத்தனை ஆண்டுகளாக இதை நான் கவனித்ததும் இல்லை. மீண்டும் கிரவுண்ட் பிரச்சினையா?

செம்புக்கம்பி எழுதியது:

இல்லை, கேபிளை இனிச் சந்தேகிக்க வேண்டாம். அந்தப் பாடல்களின் கோப்புகள் 128 கேபிபிஎஸ் (ஒரு நொடி ஒலிக்குச் செலவாகும் கிலோபிட்கள்) அல்லது அதற்கும் குறைவாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சிடியில் ஒரு நொடி ஒலிக்கு 1,411 கிலோபிட்கள் செலவாகின்றன. அதை 128க்குள் அடக்க வேண்டுமென்றால், எம்பி3 குறியாக்கி எங்காவது கைவைத்தே ஆக வேண்டும். அது கையாளும் உத்திகளில் ஒன்று ‘ஜாயின்ட் ஸ்டீரியோ’. இடது, வலது என்று தனித்தனியாக எழுதுவதற்குப் பதிலாக, இரண்டின் கூட்டல் ஒன்றாகவும் இரண்டின் கழித்தல் ஒன்றாகவும் எழுதிவைக்கும். குரலும் பேஸும் கூட்டலில் இருப்பதால் அதற்குத் தாராளமாக இடம் ஒதுக்கும். கழித்தலில் இருப்பது பக்கவாட்டு ஒலிகளும் எதிரொலியும்தானே என்று அங்கே சிக்கனம் பிடிக்கும். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது, கூட்டலின் உரத்த ஒலி கழித்தலின் குறைகளை மறைத்துவிடும். ஹெட்போனில் நீங்கள் கவனிக்காமல் இருந்ததற்கு இதுவே காரணம்.

புரோ லாஜிக் முறை செய்வது என்ன? நான் முன்பு எழுதியதை நினைத்துப் பாருங்கள்: அந்தக் கழித்தலைப் பிரித்தெடுத்துப் பின் ஸ்பீக்கர்களுக்கு அனுப்புகிறது. மறைத்துக்கொண்டிருந்த குரல் விலகியதும், சிக்கனம் பிடித்த பகுதி மட்டும் தனியாக உங்கள் காதருகே வந்து நிற்கிறது. சென்ற வாரம் கேபிள் செய்த வேலையை இப்போது ரிசீவர் முறைப்படி, பின் ஸ்பீக்கர்களுக்கு மட்டும் செய்கிறது.

அத்தகைய பாடல்களைக் கேட்கும்போது ரிமோட்டில் ‘ஸ்டீரியோ’ முறைக்கு மாறிவிடுங்கள். முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் சப்வூஃபரும் மட்டும் ஒலிக்கும், குமிழிச் சத்தம் இருக்காது. எல்லா ஸ்பீக்கர்களும் ஒலிக்க வேண்டுமென்றால் ‘ஆல் சேனல் ஸ்டீரியோ’ என்ற முறை உங்கள் ரிசீவரில் இருக்கக்கூடும். அது கழித்தல் எதுவும் செய்யாமல், முன்னால் போவதையே பின்னாலும் அனுப்பும். பாடல்களின் மூலச் சிடிகள் உங்களிடம் இருந்தால், 256 கேபிபிஎஸ் அல்லது அதற்கு மேல் வைத்து மீண்டும் கோப்பாக்கிக்கொள்வது நிலையான தீர்வு. இருக்கிற 128 கோப்பையே 256 ஆக மாற்றுவதில் பயனில்லை. போனது போனதுதான், கோப்பின் எடை மட்டும் இரட்டிப்பாகும்.

மாலைத்தென்றல் எழுதியது:

பார்த்தேன். குமிழியிடும் பாடல்கள் அனைத்தும் 96 அல்லது 128. தெளிவாக ஒலிப்பவை 192க்கு மேல். ‘ஸ்டீரியோ’ முறையில் மாற்றியதும் ஜால்ரா ஜால்ராவாகவே கேட்கிறது.

சிடிகள் பாதிக்கு மேல் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. மாலையில் ஐந்தாறு என்று எடுத்து மீண்டும் கோப்பாக்கத் தொடங்கிவிட்டேன். மூன்று வளையக் கேபிளை, ‘கேமராவுக்கு மட்டும்’ என்று ஒரு சீட்டு ஒட்டி இழுப்பறையில் போட்டுவிட்டேன்.